இருநூற்றுப் பதினொன்று

கண்ணாடிக்கு வெளியே ஃபாரோ தீவுகளின் மழை
குறுக்காகப் பெய்கிறது,
யாரோ ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டதுபோல்.
மீன் ஆலையின் மாடியில்
நான், ஒரு ஹீட்டர், ஆறிப்போன காபி.
போன வெள்ளிக்கிழமைச் சம்பளப் பட்டியலை
மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்.

உள்ளே போனவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
வெளியே வந்தவர்கள் இருநூற்றுப் பதினொன்று.
பிழைச் செய்தி இல்லை. சிவப்பு வரி இல்லை.
ஓர் ஆளை விழுங்கிய நிரல்
ஏப்பம்கூட விடவில்லை.

நான் எழுதியதுதான்.
பெயரைக் கொடு, கூலியைத் தருகிறேன் என்னும்
எளிய ஏற்பாடு.
ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு.
பத்தாயிரம் பேர் இருந்தாலும் தேடி அலையாது;
பெயரை அரைத்து எண்ணாக்கி
அந்த எண்ணின் வாசலில் நேரே போய் நிற்கும்.
எழுதிய இரவு
அதன் வேகத்தின்மேல் எனக்கே கொஞ்சம் காதல்.

பின்புறமாக மட்டும் கேட்கக் கூடாது.
நாலாயிரத்து இருநூறு குரோனா யாருடையது என்றால்
ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கச் சொல்லும்.
ஒரே கூலி நூறு பேருக்கு இருக்கலாம், மறுக்காது.
ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருந்தால்

அங்கேதான்.

நேற்று மதியம் அவள் படியேறி வந்தபோது
கையுறையில் இன்னும் செதில் மின்னியது.
"பெயின்டா, கணக்கில் நான் இருக்கிறேனா, பார்" என்றாள்.
பணம் வரவில்லை என்றுகூடச் சொல்லவில்லை.
நிரலைக் கேட்டேன்: இந்தச் சாவி உண்டா?
உண்டு என்றது.
உண்டு என்றேன் அவளிடம்.
சிரித்துக்கொண்டே சொன்னேன் என்பதுதான்
இப்போது காபியைக் கசக்க வைக்கிறது.

மூன்று மணிக்குக் கண்ணில் பட்டது.
ரன்வா யோவன்சென், தலை வெட்டும் மேசை, இரவு முறை.
ரன்வா யோவன்சென், பொதி கட்டும் பிரிவு,
அந்த வாரம்தான் சேர்ந்தவள்.
இந்தத் தீவுகளில் கல்லை எறிந்தால்
ஒரு யோவன்சென் மேல் விழும்.
எறிந்தவரும் யோவன்சென்னாக இருக்கலாம்.
தெரியாதா எனக்கு? தெரியும்.

இரண்டாமவள் வந்தாள், அதே சாவியோடு.
முதலாமவள் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.
சண்டை இல்லை, சத்தம் இல்லை.
"இங்கே ஆள் இருக்கிறது" என்று சொல்ல
அங்கே யாரும் இல்லை.
சாவி அப்படியே இருந்தது.
மதிப்புதான் வேறொருத்திக்குப் போயிருந்தது.

மலைச்சரிவில் மேயும் எங்கள் ஆடுகளுக்கு
காதில் வெட்டுக்குறி உண்டு.
இந்தப் பண்ணைக்கு இடக்காதில் ஒரு பிளவு,
அந்தப் பண்ணைக்கு வலக்காது நுனியில் சாய்வு.
மூடுபனியில் விரலால் தடவியே
யாருடையது என்று சொல்லிவிடலாம்.
ஆட்டுக்குச் செய்வதை
ஆளுக்குச் செய்ய மறந்திருக்கிறேன்.

நான்கு மணி.
சாவியின் இடத்திலிருந்து பெயரை எடுத்தேன்.
ஆளுக்கு ஓர் எண்.
பெயர் உள்ளே போய் உட்கார்ந்தது,
பிறந்த தேதிக்கும் வங்கிக் கணக்குக்கும் நடுவே,
இனி எந்தப் பூட்டையும் திறக்க வேண்டாத
ஓய்வோடு.
ஓட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு.
நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.

முறை மாறும் நேரத்தில்
மன்னிப்புக் கேட்கக் கீழே இறங்கினேன்.
பனிக்கட்டி கொட்டும் இரைச்சல், நீல ஏப்ரன்கள்.
போகிறவர்களும் வருகிறவர்களும்
முகக்கவசத்துக்குப் பின்னால் ஒரே ஆள்.
புது எண் சட்டைப்பையில் தாளில் இருக்கிறது.
எண்ணைச் சொல்லியா கூப்பிடுவது ஒருத்தியை?

"ரன்வா!" என்று கத்தினேன்.

நீண்ட மேசையின் இரண்டு முனைகளிலும்
இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.